வாடகையை எவ்வளவு ஏற்றலாம்? சட்டத்தில் சதவீதம் கிடையாது, பத்திரத்தில் இருக்கிறதா பாருங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவை கணபதியில் 2021 ஜூனிலிருந்து ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறீர்கள். வாடகை 11,000, அட்வான்ஸ் 60,000. குடி வந்தபோது போட்ட 11 மாத ஒப்பந்தம் முடிந்ததோடு சரி, அப்புறம் புதுப்பிக்கவே இல்லை. வாடகையும் இத்தனை நாள் ஏறவில்லை. இப்போது வீட்டுக்காரர், "அடுத்த மாசத்துல இருந்து 14,000 குடுத்துருங்க, இல்லீன்னா வேற வீடு பாத்துக்கங்க" என்கிறார். வருடத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று சட்டம் இருக்கிறதா, ஒரே மாதத்தில் இப்படிக் கேட்கலாமா என்று கேட்கிறீர்கள்.

தனியார் வீட்டுக்கு அப்படி ஒரு 5 சதவீதச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. 10 சதவீதமும் இல்லை. வாட்ஸ்அப்பில் வருகிற 'புதிய வாடகை விதிகள்' எல்லாம் பெரும்பாலும் 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 'மாதிரி வாடகைச் சட்டம்' என்பதிலிருந்து பிய்த்து எடுத்தவை. அது மாநிலங்களுக்கு ஒரு மாதிரி, அவ்வளவுதான். நமக்குத் தனிச் சட்டம் இருக்கிறது: சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாடு சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. உங்கள் வீடு மாநகராட்சி எல்லைக்குள் இருப்பதால் இதுதான் பொருந்தும்.

பெரியவர்கள் யாராவது 'கோர்ட்ல ஃபேர் ரென்ட் போட்டுரலாம்' என்று சொல்லியிருப்பார்கள். அது 1960ஆம் வருடத்துப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழி. கட்டடத்தின் மதிப்பையும் இடத்தின் மதிப்பையும் கூட்டி, குடியிருப்பு என்றால் வருடத்துக்கு அதில் 9 சதவீதம், கடை கண்ணி என்றால் 12 சதவீதம் என்று நியாய வாடகையைக் கணக்குப் போடுவார்கள். புதுச் சட்டம் வந்ததோடு அந்தச் சட்டமும் போய்விட்டது, அந்தக் கணக்கும் போய்விட்டது. இன்னமும் அதை நம்பி வீட்டுக்காரரிடம் சவால் விடாதீர்கள்.

சரி, புதுச் சட்டம் என்ன சொல்கிறது? வாடகை என்பது இருவரும் ஒத்துக்கொண்ட தொகை. அதை மாற்றுவது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறபடி. சாரம் இவ்வளவுதான், 9ஆம் பிரிவில் இருக்கிறது. ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஏற்றுவதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லையென்றால், வீட்டுக்காரர் ஒரு ரூபாய்கூடத் தன்னிஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. 'பக்கத்து வீட்ல 15,000 தர்றாங்க', 'சரவணம்பட்டிப் பக்கம் ஐடி கம்பெனிக்காரங்க கேக்கற விலைக்குக் குடுக்கறாங்க' என்பதெல்லாம் அடுத்த ஒப்பந்தம் பேசும்போது எடுத்து வைக்க வேண்டிய பேச்சு. அதே மாதிரி, வருடத்துக்கு 10 சதவீதம் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால், ஒன்றும் படிக்காமல் போட்டிருந்தாலும், அது ஏறத்தான் செய்யும்.

நடுவில் ஏற்றுவதற்குச் சட்டமே வைத்திருக்கிற ஒரு வழி, வீட்டை மேம்படுத்துவது. புதிதாக ஓர் அறை கட்டுகிறார், கார் ஷெட் போடுகிறார் என்று வையுங்கள். அந்த வேலையைத் தொடங்கும் முன்பே இவ்வளவு ஏறும் என்று உங்களோடு எழுத்தில் ஒத்துக்கொண்டிருந்தால், வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து அந்தத் தொகையை ஏற்றலாம். முடித்துவிட்டு வந்து பில்லை நீட்டினால் செல்லாது. சுண்ணாம்பு அடிப்பது, ஜன்னல் கதவுக்குப் பெயின்ட், பழைய குழாய் லைனை மாற்றுவது, வயரிங்கைச் சரி செய்வது இவையெல்லாம் மேம்பாட்டில் சேராது. அவை வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பராமரிப்பு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. 'தீவாளிக்கு வெள்ளையடிச்சுக் குடுத்தேன், ஆயிரம் ஏத்திக்கறேன்' என்பது நம்ம பக்கம் அடிக்கடி கேட்கிற வசனம். அதற்குச் சட்டத்தில் இடமில்லை. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைந்த கண்ணாடி, சாக்கடை அடைப்பு இந்த மாதிரி சில்லறை வேலைகள் குடியிருப்பவர் தலையில். அதற்கு வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சண்டை போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு வாதம் வீட்டு வரி. 2022இல் மாநகராட்சிகளில் சொத்து வரி ஏறியது உண்மை. கோவை மாதிரி ஊர்களில் 600 சதுர அடிக்கு மேல் 1200 வரை உள்ள வீடுகளுக்கு 50 சதவீதம் ஏறியது. ஆனால் ரூபாயில் பாருங்கள். அரையாண்டுக்கு 2,000 கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு 3,000 ஆனால், மாதத்துக்குக் கூடுதல் சுமை 170 ரூபாய்கூட இல்லை. அதைக் காட்டி 3,000 கேட்டால் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். கோபப்படாமல் காட்டினால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள்.

இனி உங்கள் நிலைமை. இதில் இருவர் பக்கமும் ஓட்டை இருக்கிறது.

ஒப்பந்தம் முடிந்த பிறகு புதுப்பிக்காமல், காலியும் செய்யாமல் இருந்தால், பழைய நிபந்தனைகளிலேயே மாதாமாதம் நீடிப்பதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதிகபட்சம் ஆறு மாதம்தான். உங்களுக்கு அது 2022லேயே முடிந்துவிட்டது. ஆக, இப்போது உங்கள் கையில் நடப்பு ஒப்பந்தம் என்று எதுவும் இல்லை. 'பழைய வாடகைதான் தருவேன், காலத்துக்கும் இருப்பேன்' என்று சொல்ல உங்களுக்குக் காகிதம் கிடையாது. 'நான் சொன்னதுதான் வாடகை' என்று சொல்ல அவருக்கும் காகிதம் கிடையாது.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் போடத் தவறியதையே காலி செய்வதற்கான காரணமாக 21ஆம் பிரிவு வைத்திருக்கிறது. அந்த அடிப்படையில் வீட்டுக்காரர்கள் வாடகை நீதிமன்றத்துக்குப் போகிறார்கள், உத்தரவும் வாங்குகிறார்கள். ஒப்பந்தம் இல்லாமல் இருப்பது குடியிருப்பவருக்குச் சௌகரியம் என்பது பழைய சட்ட காலத்து நினைப்பு. இன்றைக்கு அதனால் அதிகம் பாதிக்கப்படுவது நீங்கள்தான். இழுத்தடிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அதற்காக அடுத்த மாதம் முதல் தேதி வந்து அவர் சாமானைத் தூக்கி வெளியே வைக்க முடியுமா என்றால், முடியாது. வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் காலி செய்ய வைக்கிற அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தாலும் வாடகையை முடிவு செய்வது போலீஸ் வேலை இல்லை. ஃபியூஸைப் பிடுங்குவது, மோட்டார் போடாமல் விடுவது, குடிதண்ணீர் வருகிற அன்றைக்குப் பார்த்து வால்வை அடைப்பது இதெல்லாம் 20ஆம் பிரிவில் நேரடியாகத் தடை செய்யப்பட்டவை. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. மாவட்ட ஆட்சியர் நியமிக்கிற, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரிதான் இந்த வாடகை அதிகாரி. உங்கள் பகுதிக்கு யார் என்பதைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

தொகை விஷயத்துக்கு வருகிறேன். 11,000லிருந்து 14,000 என்றால் 27 சதவீதத்துக்கு மேல். ஒரே தாவலாகக் கேட்கும்போது அநியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் வருடம் 5 சதவீதம் வீதம் நான்கு முறை ஏற்றியிருந்தால் இந்நேரம் 13,371 ஆகியிருக்கும். கொரோனா காலத்தில் வீடு காலியாகக் கிடக்கிறதே என்று குறைத்துக் கொடுத்த வாடகையாகவும் அது இருக்கலாம். அவர் ஏற்றாமல் விட்ட வருடங்களில் உங்கள் கையில் நின்ற பணத்தையும் எண்ணிப் பார்த்தால், அவர் கேட்பது பேராசை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரே மாதத்தில் கேட்கிற விதம்தான் தப்பு. நான் உங்கள் இடத்தில் இருந்தால், இப்போது 12,500, இரண்டு வருட எழுத்து ஒப்பந்தம், இரண்டாவது வருடம் 5 சதவீதம் என்று பேசுவேன். 13,000இல் முடிந்தாலும் நஷ்டம் இல்லை. வீடு மாறுவதற்கு வேன் கூலி, புரோக்கர் கமிஷன், புது அட்வான்ஸ், பால் காய்ச்சுகிற செலவு என்று எல்லாம் சேர்த்தால் அந்த வித்தியாசத்தைத் தின்றுவிடும்.

பேசுகிற காலத்தில் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். முதலாவது, பழைய வாடகை 11,000ஐத் தேதி தவறாமல் வங்கி வழியாகவோ ஜிபேயிலோ அனுப்பிக்கொண்டே இருங்கள், எந்த மாதத்துக்கு என்று குறிப்பு எழுதி. சண்டை முடியட்டும் என்று 14,000 ஒரு தடவை அனுப்பினால்கூட நீங்கள் ஒத்துக்கொண்டதாக அதையே காட்டுவார். அவர் வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்பி, அதுவும் திரும்பி வந்த ரசீதை வைத்துக்கொண்டு வாடகை அதிகாரியிடம் டெபாசிட் செய்ய வழி இருக்கிறது. இரண்டாவது, 'அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க' என்று வாடகையை நிறுத்துவது. கோபத்தில் நிறையப் பேர் செய்கிற காரியம் இது. இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்து, நோட்டீஸ் வந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அதுவே காலி செய்யத் தனிக் காரணம். ஜெயிக்க வேண்டிய வழக்கை நாமே கொண்டுபோய்க் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

பேச்சில் முடியவே இல்லையென்றால், வாடகையை மாற்றுவது பற்றிய தகராறில் இருவரில் யார் வேண்டுமானாலும் வாடகை நீதிமன்றத்துக்கு மனு போடலாம். எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். வழி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். ஆயிரம் ஐந்நூறு வித்தியாசத்துக்கு வக்கீல் வைத்து அலைவது எனக்குச் சரியாகப் படவில்லை. கடையாக இருந்து மாதம் முப்பதாயிரம் ஏற்றுகிறார் என்றால் அது வேறு கதை.

ஒப்பந்தம் எழுதும்போது ஏற்றம் பற்றிய வரியை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் காசு இருக்கிறது. டைப் சென்டரில் கொடுக்கிற ரெடிமேட் படிவத்தில் 'வருடத்துக்கு 10 சதவீதம் உயர்த்தித் தர வேண்டியது' என்று மொட்டையாக இருக்கும். எதன் மீது 10 சதவீதம்? ஆரம்ப வாடகை மீதா, அப்போது ஓடுகிற வாடகை மீதா? 12,000 வாடகைக்கு ஆரம்பத் தொகை மீது என்றால் மூன்று ஏற்றம் கழித்து 15,600. ஓடுகிற வாடகை மீது என்றால் 15,972. அப்புறம், வருடம் என்கிறதா, 11 மாதம் என்கிறதா? 11 மாதத்துக்கு ஒரு தடவை என்றால் ஒவ்வொரு ஏற்றமும் ஒரு மாதம் முன்னாடி வந்து நிற்கும், பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு முழு ஏற்றம் கூடுதலாக விழும். வாடகை ஏறினால் அட்வான்ஸும் ஏறுமா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். சதவீதத்தைப் போடுவதைவிட, இந்தத் தேதியிலிருந்து இவ்வளவு ரூபாய் என்று வருடவாரியாகத் தொகையையே எழுதிவிடுவது எனக்குப் பிடித்த முறை. அதில் கணக்குத் தகராறே வராது. ஏற்றுவதற்கு முன் மூன்று மாத எழுத்து அறிவிப்பு என்று ஒரு வரியும் கேட்டு வாங்குங்கள். நல்ல வீட்டுக்காரர் யாரும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

தேதியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம்ம ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடி மாற மாட்டார்கள். பள்ளிக்கூடம் ஜூனில் திறந்துவிட்டால் குழந்தை இருக்கிற வீட்டில் அப்புறம் அசையவே முடியாது. ஆனி கடைசியில் வந்து வாடகையை ஏற்றிக் கேட்டால் குடியிருப்பவர் வேறு வழியில்லாமல் தலையாட்டுவார் என்று தெரிந்து கேட்கிறவர்கள் உண்டு. உங்கள் புது ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பேசிப் படியவில்லை என்றால் சித்திரையிலும் வைகாசியிலும் வேறு வீடு பார்க்க அவகாசம் கிடைக்கும்.

எழுதினால் மட்டும் போதாது. ஒப்பந்தம் போட்ட 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது. '11 மாசம்தானுங்க, பதிவு வேண்டாம்' என்பது சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்குச் சொல்கிற கணக்கு. ஒரு வருடத்துக்கு மேல் போனால்தான் அங்கே கட்டாயம் என்பதால் வந்த பழக்கம் அது. வாடகை அதிகாரியிடம் பதிவுக்கு 11 மாதம் என்றெல்லாம் விலக்கு இல்லை. பதியாத ஒப்பந்தத்தை இந்தச் சட்டப்படி சாட்சியமாக எடுக்க மாட்டார்கள் என்பதால், 10 சதவீதம் ஏறும் என்று எழுதி வாங்கிப் பீரோவில் வைத்திருக்கிற வீட்டுக்காரருக்கும் அது கைகொடுக்காது. வீட்டுக்காரர்கள் இதைப் படித்தால் இந்த ஒரு வரியை மறக்க வேண்டாம். ஒன்று, நான் சொன்ன மாதிரி இரண்டு வருடம் போட்டால் சார்பதிவாளரிடமும் பதிய வேண்டும். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

உங்கள் 60,000 அட்வான்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்றுதான் சட்டம், ஆனால் 'வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய' என்று ஒரு வாலும் சேர்த்திருக்கிறார்கள். அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் ஐந்து மாதம், பத்து மாதம் என்று எல்லாரும் வாங்குகிறார்கள். வாடகை ஏற்றத்துக்கு ஒத்துக்கொள்ளும்போது, அட்வான்ஸை ஏற்றக்கூடாது என்று நீங்கள் பேரம் பேசலாம். காலி செய்த பிறகு ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு, அவர் திருப்பித் தர வேண்டும்.

வாடகையை ஏற்றாமலே வேறு பெயரில் ஏற்றுவதும் நடக்கிறது. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பது, அதில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கிடைக்கிற 100 யூனிட் இலவசத்தை வீட்டுக்காரரே வைத்துக்கொள்வது, 'மோட்டார் கரண்ட்', 'மெயின்டனன்ஸ்' என்று தனியாக முந்நூறு ஐந்நூறு. திருப்பூரில் பனியன் கம்பெனி ஆட்கள் தங்குகிற லைன் வீடுகளில் தலைக்கு இவ்வளவு என்று வாங்கி, ஓர் ஆள் கூடினால் வாடகையும் கூடும். எது வாடகை, எது மற்ற கட்டணம் என்று ஒப்பந்தத்தில் தனித்தனியாக எழுதினால்தான் இது நிற்கும். உங்கள் வீட்டுக்குத் தனி மின் இணைப்பு இருந்தால் பில்லை நீங்களே நேராகக் கட்டிவிடுவது நல்லது.

'லீசுக்கு' என்று மூன்று நான்கு லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பவர்களிடமும் காலம் முடியும்போது இன்னும் ஒரு லட்சம் கேட்பார்கள். அதுவும் ஒப்பந்தத்தைப் பொறுத்ததுதான். அங்கே பணம் பெரிது, ஆகவே பதிவு இல்லாமல் கொடுப்பது புத்திசாலித்தனம் இல்லை.

கோயில் இடத்திலோ மாநகராட்சி வணிக வளாகத்திலோ கடை வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதைத் தங்களுக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளாட்சிக் கடைகள் இந்தச் சட்டத்துக்கு வெளியே. கோயில் சொத்துக்கு அறநிலையத் துறைச் சட்டத்தின் 34ஏ பிரிவுப்படி ஒரு குழு நியாய வாடகையை நிர்ணயிக்கும், மூன்று வருடத்துக்கு ஒரு முறை அதை மாற்றி அமைக்கும். அங்கே ஏற்றத்தில் குறை இருந்தால் மேல்முறையீடும் அந்தத் துறைக்குள்ளேதான் தொடங்கும். தனியார் கட்டடத்தில் கடை என்றால், பேசுகிற வாடகை ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். 18 சதவீதம் பின்னால் வந்து சேர்ந்தால், நீங்கள் அடித்துப் பேசிக் குறைத்த இரண்டு சதவீதம் எங்கே போனது என்றே தெரியாது.